பாடம் 6: பாடசாலைக்குப் பிறகு என்ன? விசேட தேவையுடைய பிள்ளை வேலைக்கும் வளர்ந்தோர் வாழ்வுக்கும் செல்லும் வழி

மண்சரிவு எச்சரிக்கையால் லயத்தை விட்டு வெளியேறி, பாடசாலைக் கட்டடத்திலும் உறவினர் வீட்டிலும் காலம் கழித்துவிட்டு நல்லதண்ணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கூரைத் தகரம், தண்ணீர்க் குழாய், மலசலகூடம், பிள்ளைகளின் சீருடை, மீண்டும் பிரட்டுக்குப் போவது என்று பார்க்க வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன. இவற்றுக்கிடையே ஒரு விடயம் பெரும்பாலும் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. அது, வீட்டில் இருக்கும் விசேட தேவையுடைய பிள்ளையின் எதிர்காலம்.

நடக்கச் சிரமப்படும் பிள்ளை, காது கேளாத பிள்ளை, பார்வை குறைந்த பிள்ளை, மெதுவாகக் கற்கும் பிள்ளை, வலிப்பு உள்ள பிள்ளை என யாராக இருந்தாலும் இந்தப் பாடம் அவர்களுக்கும் உங்களுக்கும் உரியது. இதில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. பாடசாலை முடியும் வரை காத்திருக்காமல் 14 வயதிலேயே திட்டமிடத் தொடங்குங்கள். அந்தத் திட்டத்தைப் பிள்ளையிடம் கேட்டே போடுங்கள். உங்கள் பிள்ளைக்கு 14 வயது கடந்துவிட்டதென்றால் கவலைப்பட வேண்டாம். 20 வயதிலும் இதே படிகள்தான். இன்றே தொடங்குங்கள்.

1. ஏன் இப்போதே?

இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயம். அதுவரை பிள்ளையை வகுப்பாசிரியருக்குத் தெரியும், அதிபருக்குத் தெரியும். வராத நாளில் விசாரிக்க ஒருவர் இருப்பார். அதன் பிறகு விசாரிக்க யாரும் இல்லை. அம்மாவும் அப்பாவும் காலையில் மலைக்குப் போய்விடுவார்கள். தம்பி தங்கைகள் பாடசாலைக்குப் போவார்கள். விசேட தேவையுடைய பிள்ளை மட்டும் காம்பராவுக்குள் இருக்கும். ஒரு வருடம் இப்படிப் போனால், பாடசாலையில் பழகிய எழுத்தும் எண்ணும் பேச்சும் குறையத் தொடங்கும். நண்பர்கள் விலகிப் போவார்கள். மூன்று வருடம் போனால், வெளியே வரவே அந்தப் பிள்ளை பயப்படும்.

இடம்பெயர்வு இதை இன்னும் மோசமாக்குகிறது. முகாமில் கூட்டம் அதிகம், பழகாத முகங்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் சோறு ஊட்டுவதும், உடுப்பு மாற்றிவிடுவதும், ஒருவர் எப்போதும் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் வழக்கமாகிவிடுகின்றன. அந்த நேரத்தில் அது தேவைப்பட்டது. வீடு திரும்பிய பின்னும் அதே வழக்கம் தொடர்ந்தால், முன்பு தானாகச் செய்ததையும் பிள்ளை மறந்துவிடும்.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு, அதாவது சுமார் 16 இலட்சம் பேருக்கு, ஏதாவது ஒரு வகைச் சிரமம் உண்டு. இது உங்கள் குடும்பத்தின் குறையோ, யாரோ செய்த பாவமோ அல்ல.

பெற்றோர் பலரும் இரவில் தூக்கம் வராமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: ‘எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பது?’ ‘அண்ணன் பார்த்துக்கொள்வான்’ என்பதோடு அந்தக் கேள்வி முடிந்துவிடாது. பிள்ளைக்குத் தன் வேலையைத் தானே செய்யத் தெரிய வேண்டும். ஊரில் நாலு பேருக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும். அவர் பெயரில் ஆவணங்களும், சிறிதளவாவது வருமானமும் இருக்க வேண்டும். இவை நான்கும் இருந்தால் அண்ணனுக்கும் பாரம் குறையும்.

2. முதலில் பிள்ளையைக் கேளுங்கள்

உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் கேள்வி கேட்டால், நாம் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். பதில் வர நேரம் எடுத்தாலும் காத்திருங்கள்.

அமைதியான ஒரு மாலையில் இந்த நான்கையும் கேளுங்கள்:

- என்ன வேலை செய்யும்போது உனக்குச் சந்தோசம்?
- எது உனக்குப் பிடிக்காது, எது பயம்?
- யாரோடு இருக்க விருப்பம்?
- பெரியவனானால் அல்லது பெரியவளானால் என்ன செய்ய ஆசை?

பேச முடியாத பிள்ளையென்றால் கேட்கும் விதத்தை மாற்றுங்கள். கடை, தையல் மெசின், மரக்கறித் தோட்டம், கோழிக்கூடு ஆகியவற்றைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக் காட்டி, எதைத் தொடுகிறார் என்று பாருங்கள். நேரிலும் கூட்டிப் போங்கள். எந்த இடத்தில் அதிக நேரம் நின்றார், எங்கே காதைப் பொத்திக்கொண்டார் என்று கவனியுங்கள். இரண்டு வாரம் கவனித்ததை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பின்னர் உத்தியோகத்தர், ஆசிரியர், கடை முதலாளி என யாரிடம் பேசும்போதும் அந்தக் கொப்பி உதவும்.

3. பயிற்சி வீட்டில்தான் தொடங்குகிறது

வேலைக்குப் போகிறவருக்குத் தொழில் தெரிந்தால் மட்டும் போதாது. நேரத்துக்கு எழும்ப வேண்டும், சுத்தமாக உடுத்த வேண்டும், சொன்னதைக் கேட்டுச் செய்ய வேண்டும், தெரியாவிட்டால் கேட்க வேண்டும். இவற்றைக் கற்பிக்க வீட்டை விட நல்ல இடம் இல்லை.

ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பியுங்கள். தேநீர்க் கோப்பை கழுவுவதை எடுத்துக்கொள்வோம்: கோப்பையில் மிஞ்சியதைக் கொட்டுவது, தண்ணீர் ஊற்றுவது, சவர்க்காரம் தேய்ப்பது, உள்ளும் புறமும் அலசுவது, கவிழ்த்து வைப்பது. மொத்தம் ஐந்து படிகள். முதல் நான்கையும் நீங்கள் செய்து, கடைசிப் படியை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது பழகியதும் கடைசி இரண்டையும் விடுங்கள். இப்படிப் பின்னிருந்து முன்னே வந்தால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த திருப்தி பிள்ளைக்குக் கிடைக்கும். பிழைத்தால் கையைத் தட்டிவிட்டு நீங்களே செய்துவிடாதீர்கள். மீண்டும் காட்டுங்கள்.

வயதுக்கேற்பப் பழக்க வேண்டியவை:

- 14 வயதில்: தன் உடல் சுத்தம், உடுப்பு மடித்தல், ஒரு வீட்டு வேலையைத் தன் பொறுப்பாக எடுத்தல். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நாட்களில் என்ன செய்வதென்று அம்மா அல்லது அக்கா செய்து காட்ட வேண்டும்.
- 15, 16 வயதில்: கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி மிச்சக் காசைக் கொண்டுவருதல், மணி பார்த்தல், தன் பெயர், தோட்டத்தின் பெயர், பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவற்றைச் சொல்லுதல் அல்லது எழுதிய அட்டையைக் காட்டுதல்.
- 17, 18 வயதில்: மஸ்கெலியாவுக்குப் பஸ்ஸில் போய் வருதல். முதலில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். அடுத்து இரண்டு ஆசனம் தள்ளி இருங்கள். பின்னர் ஏறும் இடத்தில் ஒருவரும் இறங்கும் இடத்தில் ஒருவரும் நில்லுங்கள்.

எல்லாப் பிள்ளையும் எல்லாப் படியையும் எட்டாது. ஒருவர் தனியே பஸ்ஸில் போகாமலே போகலாம். பக்கத்து லயத்துக் கடை வரை போய் வந்தாலும் அது பெரிய முன்னேற்றம்.

4. பாடசாலையில் இருக்கும் காலத்தைப் பயன்படுத்துங்கள்

இடம்பெயர்வில் படிப்பு விட்டுப் போயிருந்தால், திரும்பி வந்த முதல் வாரத்திலேயே அதிபரைச் சந்தியுங்கள். ‘இனி எதற்கு?’ என்று நிறுத்திவிடாதீர்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்ப்பதிலோ கல்வி நிறுவனத்தில் அனுமதிப்பதிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆகவே அதிபரிடம் தயங்கி நிற்க வேண்டாம். நீங்கள் கேட்பது பிள்ளையின் உரிமை.

சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்குச் சலுகைகள் உண்டு. மேலதிக நேரம், எழுதித் தர ஓர் உதவியாளர், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெய்ல் வினாத்தாள் என்பவற்றைப் பரீட்சைகள் திணைக்களம் தேவைக்கேற்ப வழங்குகிறது. இதற்கு வைத்திய அறிக்கையோடு அதிபர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் கேட்டால் கிடைக்காது. 10ஆம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்குங்கள்.

பரீட்சை எழுதாத பிள்ளையும் வெறுங்கையோடு வெளியே வரக் கூடாது. விடுகைப் பத்திரத்தோடு, பிள்ளை நன்றாகச் செய்யக்கூடியவற்றை எழுதிய ஒரு கடிதத்தையும் வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்.

5. ஆவணங்களைச் சேருங்கள்

மழையிலும் மண்ணிலும் பல வீடுகளில் ஆவணங்கள் போய்விட்டன. வீட்டில் எல்லோருக்கும் பிரதி எடுக்கும்போது, ‘இவனுக்கு எதற்கு அடையாள அட்டை?’ என்று இந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள். பயிற்சி, கொடுப்பனவு, வங்கி, வாக்கு எல்லாவற்றுக்கும் அதுவே முதல் தேவை.

- பிறப்புச் சான்றிதழ்: பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டு முகாமில் பிறந்து குடும்பத்தோடு திரும்பிய பிள்ளையென்றால், முதலில் இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவை முடிக்க வேண்டும்.
- தேசிய அடையாள அட்டை: 15 வயது முதல் விண்ணப்பிக்கலாம். பாடசாலையில் படித்தால் அதிபர் மூலமும், இல்லையென்றால் கிராம உத்தியோகத்தர் அல்லது தோட்டத்துரை மூலமும் விண்ணப்பிக்க வேண்டும்.
- வைத்திய அறிக்கை: மஸ்கெலியா வைத்தியசாலையில் அல்லது டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் கேளுங்கள். பழைய கிளினிக் புத்தகம் இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.
- பதிவு: பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் பிள்ளையின் பெயரைப் பதியுங்கள். மாதக் கொடுப்பனவு, சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, தொழிற்பயிற்சி எல்லாவற்றுக்கும் முதலில் போக வேண்டியது அவரிடம்தான்.

குறைந்த வருமானமுள்ள குடும்பங்களின் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வேலைக்குப் போனால் கொடுப்பனவு நின்றுவிடும் என்று பயந்து, சில குடும்பங்கள் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கின்றன. கொடுப்பனவு குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரப்படுவது. ஊகத்தில் முடிவெடுக்காமல், வேலை தொடங்குமுன் அதே உத்தியோகத்தரிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அடுத்த எச்சரிக்கை வந்தால் முதலில் கையில் எடுக்கும் பையில் வையுங்கள்.

6. தொழிற்பயிற்சி: அனுப்புமுன் கேட்க வேண்டியவை

சமூக சேவைத் திணைக்களம் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. சீதுவையிலும் கண்டிக்கு அருகே வத்தேகமவிலும் உள்ளவை அவற்றில் இரண்டு. தொழிற்பயிற்சி அதிகார சபையின் பொதுவான பயிற்சி நெறிகளிலும் மாற்றுத்திறனாளிகள் சேரலாம். ஏற்கெனவே ஒரு தொழிலைக் கைப்பழக்கமாகக் கற்றவர், அந்தத் திறனைச் செய்து காட்டி என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறவும் வழி உண்டு. அப்பாவோடு சேர்ந்து மேசன் வேலையோ தச்சு வேலையோ பழகிய காது கேளாத பையனுக்கு இது நல்ல வழி.

நுவரெலியாவில் 1988 முதல் மென்கபெப் நிறுவனம் மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளோடும் அவர்களின் குடும்பங்களோடும் வேலை செய்து வருகிறது. அங்கே நேரில் போய்ப் பார்ப்பது, உங்கள் பிள்ளை எவ்வளவு தூரம் வரலாம் என்பதை விளங்கிக்கொள்ள உதவும்.

எந்த நிலையத்துக்கு அனுப்புமுன்னும் இவற்றைக் கேளுங்கள்: பயிற்சி தமிழில் நடக்கிறதா? சிங்களத்தில் மட்டும் என்றால், விளக்கிச் சொல்ல யாராவது இருக்கிறார்களா? விடுதி உண்டா, பெண் பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா? வலிப்பு மருந்து போன்றவற்றை நேரத்துக்குக் கொடுப்பவர் யார்? வாரம் ஒருமுறை வீட்டோடு பேச முடியுமா? பயிற்சி முடிந்த பின் வேலை தேட உதவுவார்களா? முடிந்தால் சேர்ப்பதற்கு முன் பிள்ளையையும் கூட்டிப் போய் இடத்தைக் காட்டுங்கள். லயத்தை விட்டு வெளியே தங்கிப் பழகாத பிள்ளை முதல் இரண்டு வாரம் அழுவது வழக்கம். அதற்காக உடனே கூட்டி வந்துவிடாதீர்கள். ஆனால் அழுகைக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

7. நல்லதண்ணியிலேயே என்ன வேலை?

எல்லோரும் வெளியூர் போக வேண்டியதில்லை. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். அந்த மாதங்களில் நல்லதண்ணியில் ஆள் தேவை அதிகம். தேநீர்க் கடையில் கோப்பை கழுவுவது, ரொட்டிக்கு மா பிசைவது, விடுதியில் படுக்கை விரிப்பு மடிப்பது, தேயிலைப் பைக்கற் அடுக்குவது, பூக்கட்டுவது எல்லாம் படிப்படியாகப் பழக்கக்கூடிய வேலைகள்.

ஒரு குடும்பத்தை உதாரணமாக நினைத்துக்கொள்வோம். மகளுக்கு 18 வயது. மெதுவாகக் கற்பவர், கூட்டம் என்றால் பயம். அவரைச் சனி இரவுக் கூட்டத்தில் கடையில் நிறுத்தினால் முதல் நாளே அழுதுகொண்டு வீடு திரும்புவார். அதே பெண்ணை, வாரநாளில், விடுதியின் பின்பக்கத்தில், விரிப்பு மடிக்கும் வேலையில், தெரிந்த ஓர் அக்காவோடு விட்டால் செய்வார். பிள்ளைக்கு வேலை செய்ய முடியுமா என்பதை மட்டும் பார்க்காமல், எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு என்பதையும் பாருங்கள்.

முதலாளியிடம் பேசும்போது:

- இரக்கத்தைக் கேட்காமல் திறனைச் சொல்லுங்கள். ‘பாவம், ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்டால் ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்கும், வேலை கிடைக்காது. ‘ஒரு மணித்தியாலத்தில் இவ்வளவு விரிப்பு மடிப்பாள், வந்து பாருங்கள்’ என்று சொல்லுங்கள்.
- ஒரு வாரம் பழகிப் பார்க்கக் கேளுங்கள். அந்த வாரத்துக்கும் சம்பளம் பேசிக்கொள்ளுங்கள்.
- பிள்ளைக்கு எது கடினம், பயந்தால் எப்படி அமைதிப்படுத்துவது என்று சொல்லி வையுங்கள். வலிப்பு இருந்தால் மறைக்காதீர்கள். நெருப்பு, கொதிநீர், இயந்திரம் உள்ள இடத்தைத் தவிர்க்கலாம்.
- சம்பளம் எவ்வளவு, எந்த நாளில், யார் கையில் என்பதைத் தொடக்கத்திலேயே பேசுங்கள். ‘சாப்பாடும் உடுப்பும் தருகிறோம்’ என்பது சம்பளம் அல்ல.

2021இல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து வேலைக்குச் சேர்க்கக்கூடிய குறைந்த வயது 16. ஆபத்தான வேலைகளுக்கு 18. இது உங்கள் பிள்ளைக்கும் பொருந்தும். நிரந்தர வேலையில் சேர்ந்தால் மற்றவர்களைப் போலவே ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும் கட்டப்பட வேண்டும். தகைமை உள்ளவர்கள் அரச வேலைக்கும் விண்ணப்பியுங்கள். 1988ஆம் ஆண்டின் 27/88 இலக்கச் சுற்றறிக்கை, அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது.

சீசன் இல்லாத மாதங்களையும் மறக்க வேண்டாம். ஜூன் முதல் நவம்பர் வரை கடைகள் பல மூடிக் கிடக்கும். கோழி வளர்ப்பு, காளான், வீட்டுத்தோட்டம், தையல் போன்ற ஒன்றைக் குடும்பமாகச் சேர்ந்து தொடங்கினால், பிள்ளைக்கு வருடம் முழுவதும் ஒரு வேலை இருக்கும். அதில் வரும் காசில் ஒரு பங்கு அவர் கைக்குப் போக வேண்டும்.

8. 18 வயதுக்குப் பின் அவர் பெரியவர்

22 வயது இளைஞனை ‘சின்னப்பிள்ளை’ என்று கூப்பிட்டால், ஊரும் அப்படித்தான் நடத்தும். அவர் பெயரில் வங்கிக் கணக்கு திறவுங்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தனியே வாக்களிக்க முடியாதவர், 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, உரிய சான்றிதழோடு தனக்கு விருப்பமான ஒருவரை உதவிக்கு அழைத்துப் போகலாம். கோயில் திருவிழா, கல்யாணம், சாவு வீடு என்று எல்லாவற்றுக்கும் கூட்டிப் போங்கள். வேலை வாய்ப்புகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பழக்கத்தில்தான் வருகின்றன.

பாதுகாப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். உடலின் எந்தப் பகுதியை யாரும் தொடக் கூடாது, தொட்டால் ‘வேண்டாம்’ என்று கத்துவது எப்படி, யாரிடம் சொல்வது என்று ஆண், பெண் இருவருக்கும் கற்பியுங்கள். பேச முடியாதவர்களைத்தான் தவறு செய்பவர்கள் தேடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் மானம் போய்விடும் என்று மூடி வைக்காதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்களை அழையுங்கள்.

9. தனியாக அல்ல, சேர்ந்து

ஒரு தோட்டத்தில் ஒரே ஒரு குடும்பம் அலைந்தால் களைத்துப்போகும். ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால், ஒருவர் பிரதேச செயலகம் போகும்போது ஐந்து விண்ணப்பங்களும் போகும். ஒருவர் மலைக்குப் போகாத நாளில் ஐந்து பிள்ளைகளும் ஒரே இடத்தில் பழகலாம்.

இதற்குப் பெரிய நகரம் தேவையில்லை. தமிழ்நாட்டின் தென்காசிக்கு அருகே உள்ள ஆய்க்குடி ஒரு கிராமம். அந்த ஊர்க்காரரான எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரித் தெரிவுக்கான சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தார். 1981இல் அதே கிராமத்தில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அங்கே சிகிச்சை, பாடசாலை, தொழிற்பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் நடக்கின்றன. தானே சக்கர நாற்காலியில் இருந்தவர் தொடங்கிய வேலை அது. உங்கள் குழுவிலும் மாற்றுத்திறனாளியான இளைஞர் ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள்.

அடுத்த நான்கு வாரங்களில்

- முதல் வாரம்: பிள்ளையிடம் நான்கு கேள்விகளையும் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள்.
- இரண்டாம் வாரம்: ஒரு வீட்டு வேலையைத் தெரிந்து, படிகளாகப் பிரித்துக் கற்பிக்கத் தொடங்குங்கள்.
- மூன்றாம் வாரம்: ஆவணங்களில் எது இருக்கிறது, எது இல்லை என்று பட்டியல் போட்டுக் கிராம உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.
- நான்காம் வாரம்: சமூக சேவை உத்தியோகத்தரிடம் பதியுங்கள். உங்கள் தோட்டத்தில் இதே நிலையில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு பேசுங்கள்.

குடும்பமாகப் பேசிப் பார்க்க

- எங்கள் பிள்ளை தானாகச் செய்யக்கூடிய எதை நாங்கள் இன்னும் செய்துகொடுக்கிறோம்? ஏன்?
- எங்கள் வீட்டுக்கு வெளியே பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் எத்தனை பேர்?
- இந்தத் திட்டத்தைப் பற்றிப் பிள்ளை என்ன சொல்கிறார்?

கடைசிக் கேள்விக்குப் பதிலைப் பிள்ளையே சொல்லட்டும்.